எல்லாப் பழியும் கார்புரேட்டருக்கா?

பழைய பைக் ஒன்று பட்டறை வாசலில் வந்து நிற்கும்போதே தீர்ப்பு தயாராக இருக்கிறது. காலையில் எத்தனை உதை உதைத்தாலும் ஸ்டார்ட் ஆகவில்லையா? கார்புரேட்டர். சிக்னலில் நின்றதும் அணைந்துபோகிறதா? கார்புரேட்டர். மேம்பாலம் ஏறும்போது இழுவை இல்லை, மைலேஜ் விழுந்துவிட்டது, சைலன்சரில் பட்டாசு வெடிக்கிறது, எதைச் சொன்னாலும் பதில் ஒன்றுதான். "கார்புரேட்டர்ல அழுக்குண்ணே, கழட்டி க்ளீன் பண்ணிட்டா சரியாயிடும்" என்று பட்டறைத் தம்பி சொல்ல, வண்டிக்காரர் தலையாட்டுகிறார். இரண்டு நாள் கழித்து அதே கோளாறோடு திரும்பி வந்தால் மேல்முறையீட்டுத் தீர்ப்பும் தயார்: "அது தேஞ்சு போச்சுண்ணே, புதுசு போட்டுடலாம்."

புல்லட், ஆர்எக்ஸ் 100, பழைய ஸ்ப்ளெண்டர், யெஸ்டி என்று எந்த வண்டி வைத்திருப்பவரைக் கேட்டாலும் இந்தக் கதை வரும். இது பட்டறைக்காரரின் நம்பிக்கை மட்டுமல்ல. வண்டிக்காரர்களும் இதைத்தான் நம்புகிறார்கள், அக்கம்பக்கத்தில் ஆலோசனை சொல்பவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். நான் மறுக்க வருவது இந்த நம்பிக்கையை. பழைய வண்டியில் கோளாறு என்றால் கடைசியாகத் திறக்க வேண்டிய பொருள் கார்புரேட்டர். அதை முதலில் திறப்பது கோளாறைக் கண்டுபிடிக்கும் வேலையின் தொடக்கம் அல்ல. கண்டுபிடிக்காமலேயே வேலையை முடித்துவிடும் வழி அது.

எதிர்த்தரப்பின் மிக வலுவான வாதம், "க்ளீன் பண்ணினா வண்டி ஓடுதே!" என்பது. சில வண்டிகளில் அது முழுக்க உண்மை. மாதக்கணக்கில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்த வண்டியில், ஃப்ளோட் கிண்ணத்தில் தங்கிய பெட்ரோல் ஆவியாகிப் பிசினை விட்டுச்செல்லும். ஸ்லோ ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. அந்தப் பிசின் அதை அடைக்கப் போதும். சோக் போட்டால் ஓடும், சோக்கை எடுத்தால் நிற்கும். அந்த வண்டியின் கார்புரேட்டரைக் கழற்றுங்கள், எனக்கு மறுப்பில்லை. ஆனால் தினமும் அலுவலகம் போய்வரும் வண்டியில் பிசின் படிய நேரம் ஏது? நேற்று மாலைவரை ஒழுங்காக ஓடிய வண்டி இன்று காலை இழுக்கவில்லை என்றால், ஒரே இரவில் ஜெட்டின் அளவு மாறிவிடவில்லை. ஒரு துரும்பு போய் அடைத்திருக்கலாம், அது நடக்கக்கூடியதுதான். அப்படி அடைத்தால் கோளாறு ஒரே இடத்தில், ஒரே விதமாக நிற்கும். வந்து வந்து போகாது. சூடானபின் மட்டும் தலைகாட்டாது.

தினமும் ஓடும் வண்டியும் க்ளீன் செய்தபின் சரியாகிறதே என்றால், "க்ளீன்" என்ற பெயரில் நடப்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கார்புரேட்டரைக் கழற்றும்போது பெட்ரோல் குழாய் உருவப்பட்டு மறுபடி மாட்டப்படுகிறது. கிண்ணத்தின் அடியில் தேங்கிய தண்ணீர் கொட்டப்படுகிறது. மேனிஃபோல்டின் தளர்ந்த நட்டுகள் திரும்ப முடுக்கப்படுகின்றன. ஆக்ஸிலேட்டர் கேபிள் அதன் பள்ளத்தில் புதிதாக உட்கார்கிறது. கையோடு கையாக பிளக்கைக் கழற்றி எமரித் தாளில் தேய்க்கிறார்கள், ஏர் ஃபில்டருக்குக் காற்றடிக்கிறார்கள். இவற்றில் எது வண்டியைச் சரிசெய்தது? யாருக்கும் தெரியாது. பெயர் மட்டும் கார்புரேட்டருக்குப் போகிறது.

யாரும் கணக்கில் எடுக்காத இன்னொன்றும் இருக்கிறது. அந்த ஒரு மணி நேரத்தில் எஞ்சின் ஆறிவிடுகிறது. சூடானால் செத்துப்போகும் கண்டன்சரும் காயிலும் ஆறினால் உயிர்பெற்றுவிடும். வண்டிக்காரர் ஓட்டிப் பார்த்து, "சூப்பர்ப்பா" என்று காசைக் கொடுத்துவிட்டுப் போகிறார். தாம்பரம் தாண்டி வெயிலில் ஒரு முக்கால் மணி நேரம் ஓடியதும் பழைய கோளாறு வந்து நிற்கிறது. "ரெண்டு நாள் நல்லா ஓடுச்சு, அப்புறம் அதே மாதிரி" என்ற புகார் எல்லாப் பட்டறையிலும் கேட்பது. அதற்கு அர்த்தம் கார்புரேட்டர் மறுபடி அழுக்காகிவிட்டது என்பதல்ல. அதில் அழுக்கு முதலிலேயே இருந்திருக்கவில்லை.

கார்புரேட்டர் மேல் சந்தேகம் வந்தால் அதைக் கழற்றாமலேயே விசாரிக்கலாம். இந்த இடத்தில்தான் நம் வழக்கம் மிகவும் ஏமாற்றுகிறது. மிக்குனி வி.எம். போன்ற ஸ்லைடு கார்புரேட்டரில், ஆக்ஸிலேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்து வெவ்வேறு பாகங்கள் பெட்ரோலைக் கட்டுப்படுத்துகின்றன. மூடிய நிலையிலிருந்து எட்டில் ஒரு பங்கு திறப்புவரை ஸ்லோ ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும். அதிலிருந்து கால் திறப்புவரை ஸ்லைடின் அடியில் வெட்டிய சரிவு. காலிலிருந்து முக்கால்வரை நீடிலும் அது இறங்கும் நீடில் ஜெட்டும். அதற்கு மேலே மெயின் ஜெட். எல்லைகள் கொஞ்சம் கலந்துதான் இருக்கும். ஆனால் வரிசை மாறாது.

கவனிக்க வேண்டியது, இது வண்டியின் வேகத்தைப் பொறுத்ததல்ல, கியரைப் பொறுத்ததும் அல்ல. கைப்பிடி எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதை மட்டுமே பொறுத்தது. கைப்பிடியில் ஒரு துண்டு டேப், பக்கத்தில் சுவிட்ச் கூட்டின்மேல் கால், அரை, முக்காலுக்குக் கோடுகள். இவ்வளவுதான் கருவி. எந்தக் கோட்டில் வண்டி திணறுகிறது என்று பாருங்கள். மூன்றாவது கியரில் அரைத் திறப்பில் திணறும் வண்டி, நான்காவது கியரிலும் அதே அரைத் திறப்பில் திணறினால் நீடிலைச் சந்தேகிக்கலாம். திறப்பு எதுவானாலும் எஞ்சின் ஒரு குறிப்பிட்ட சுழற்சியைத் தொட்டதும் அடித்துக்கொள்கிறது என்றால், கார்புரேட்டரை விட்டுவிட்டு மின்சாரப் பக்கம் போங்கள். எல்லாத் திறப்பிலும் ஒரே மாதிரி மோசம் என்றால் ஸ்லோ ஜெட், நீடில், மெயின் ஜெட் மூன்றும் ஒரே நாளில் கெட்டிருக்க வேண்டும். அதை நம்புவதைவிட டேங்க்கிலிருந்து பெட்ரோல் வரவில்லை என்று நம்புவது எளிது.

சோக்கும் ஒரு சாட்சி. எஞ்சின் சூடாக இருக்கும்போது, குறைந்த திறப்பில், சோக்கைப் பாதி இழுத்துப் பாருங்கள். வண்டி தெளிந்தால் பெட்ரோல் குறைவு, அல்லது எங்கோ காற்று அதிகம். இன்னும் மூச்சுத் திணறினால் பெட்ரோல் ஏற்கெனவே அதிகம். எந்த மாற்றமும் இல்லாமல் அதே மிஸ்ஸிங் தொடர்ந்தால் இது பெட்ரோல் வழக்கே அல்ல. ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடாமல் இவ்வளவு தெரிந்துகொள்ளலாம். ஆனால் எத்தனை பட்டறையில் வண்டியை வாங்கியதும் "எவ்வளவு ஆக்ஸிலேட்டர்ல வருது? சூட்டுலயா, குளிர்லயா?" என்று கேட்கிறார்கள்?

பழைய புல்லட்டை எடுத்துக்கொள்வோம், திருவொற்றியூரில் செய்த காஸ்ட் அயர்ன் எஞ்சின் வண்டியை. அதில் பாயிண்ட்டும் கண்டன்சரும்தான் தீப்பொறியின் கடிகாரம். பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். கேமில் உரசும் ஃபைபர் குதிகால் தேயத் தேய இடைவெளி குறையும், இடைவெளி குறையக் குறைய பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், தீப்பொறி பிந்தும். தீப்பொறி பிந்திய வண்டிக்கு இழுவை போகும், சூடு ஏறும், சைலன்சரில் வெடிக்கும், மைலேஜ் விழும். கார்புரேட்டர் மேல் போடும் குற்றப்பத்திரிகையில் இருப்பவை அப்படியே இவைதான்.

இதைச் சரிபார்க்க வெளியே எதையும் வாங்க வேண்டாம். பாயிண்ட் மூடியைத் திறந்தால் தெரியும். சாவியைப் போட்டுக் கிக்கரை மெல்ல அழுத்தினால், ஹெட்லைட் மேலிருக்கும் அம்மீட்டர் முள் பாயிண்ட் மூடும்போது மைனஸ் பக்கம் சாய்ந்து, திறக்கும்போது நடுவுக்கு வர வேண்டும். ஆடவே இல்லையென்றால் பாயிண்ட்டுக்கு மின்சாரம் போகவில்லை, அல்லது பாயிண்ட் முகம் கருகிவிட்டது. சாய்ந்தது சாய்ந்தபடியே நின்றால் பாயிண்ட் திறக்கவில்லை. வண்டியைச் செய்தவர்களே கண்ணெதிரில் ஒரு சோதனைக் கருவியை வைத்துக் கொடுத்திருக்கிறார்கள்; நாமோ அதைத் தாண்டிக் குனிந்து கார்புரேட்டரின் கிண்ணத்தைத் திறக்கிறோம்.

"பிளக்கைக் கழட்டிப் பார்த்தேண்ணே, ஸ்பார்க் நல்லா அடிக்குது" என்பார்கள். வெளியே, திறந்த காற்றில், அடிக்கும். சிலிண்டருக்குள் அழுத்தத்தில் இருக்கும் கலவையைத் தாண்டி அடிக்க அதைவிடக் கூடுதல் மின்னழுத்தம் வேண்டும். வெளியே அடிப்பது உள்ளே அடிக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. மெல்லிய மஞ்சள் பொறிக்கும் கொழுத்த நீலப் பொறிக்கும் வித்தியாசம் உண்டு. அதைச் சொல்லாமல் "ஸ்பார்க் வருது" என்று மட்டும் சொல்வது பாதிச் செய்தி. பெட்ரோல் சிந்திய இடத்தில் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

கறுத்த பிளக்கைக் காட்டி "பெட்ரோல் ஜாஸ்தி போகுது" என்பது இன்னொரு அவசரத் தீர்ப்பு. பெட்ரோல் அதிகமானால் பிளக் கறுக்கும், சரி. பலவீனமான பொறியால் பெட்ரோல் முழுதாக எரியாவிட்டாலும் கறுக்கும். ஏர் ஃபில்டர் அடைத்திருந்தாலும் கறுக்கும். ஸ்டாண்டில் போட்டு வெகுநேரம் ஐடிலிங்கில் ஓடிய எஞ்சினின் பிளக் எப்படியும் கறுத்துத்தான் இருக்கும். சரியான முறை என்னவென்றால், ஒரு குறிப்பிட்ட திறப்பில் சிறிது தூரம் ஓட்டி, அந்த நிலையிலேயே எஞ்சினை அணைத்துக் கிளட்சைப் பிடித்து ஓரங்கட்டி, பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது. அப்போது அது சொல்வது அந்தத் திறப்பைப் பற்றிய சாட்சியம். வாசலில் நின்று கழற்றிய பிளக் எதைப் பற்றிய சாட்சியம்?

அடுத்தது, கார்புரேட்டருக்கு முன்னால் இருப்பவை. டேங்க் மூடியில் காற்றுப் போக ஒரு சிறு துளை உண்டு. தூசியும் துருவும் அதை அடைத்தால், பெட்ரோல் இறங்க இறங்க டேங்க்குக்குள் வெற்றிடம் உருவாகி வரத்து நின்றுபோகும். வண்டி கொஞ்ச தூரம் அருமையாக ஓடும், அப்புறம் உயிர் போகிற மாதிரி நிற்கும், ஓரமாக நிறுத்தி டீ குடித்துவிட்டு வந்தால் மறுபடி ஓடும். அடுத்த முறை நிற்கும்போது மூடியைத் திறந்து பாருங்கள், "புஸ்" என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டால் வழக்கு முடிந்தது. இதற்காகக் கார்புரேட்டரை மாற்றியவர்கள் இருக்கிறார்கள். பெட்ரோல் காக்கின் உள்ளே இருக்கும் வலையில் துரு படிவதும் இதே ரகம். குழாயை கார்புரேட்டர் முனையில் உருவி ஒரு பாட்டிலில் பிடித்துப் பாருங்கள்; சொட்டுச் சொட்டாக விழுந்தால், கீழே இருக்கும் ஜெட்டைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது?

கார்புரேட்டருக்குப் பின்னால் இருப்பவைதான் நிறையப் பேரை ஏமாற்றுகின்றன, ஏனென்றால் அங்கே வரும் கோளாறு கார்புரேட்டர் கோளாறு போலவே வேஷம் போடும். கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் ரப்பர் மேனிஃபோல்ட் வெடித்திருந்தாலோ, ஓ-ரிங் காய்ந்திருந்தாலோ, கார்புரேட்டர் அளந்து அனுப்பிய கலவையில் அளக்காத காற்று கலந்துவிடும். ஆக்ஸிலேட்டரை விட்டபிறகும் ரேஸ் இறங்காமல் தொங்கும். பிறகு திடீரென்று விழுந்து அணையும். ஐடிலிங்கில் வைத்து இணைப்புகளைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் தெளித்தால், எஞ்சின் சத்தம் மாறும் இடத்தில் ஓட்டை இருக்கிறது.

ஹேண்டில்பாரை ஒரு பக்கம் திருப்பினால் ரேஸ் ஏறுகிறதா? அது கேபிள். டேங்க்குக்கு அடியில் எங்கோ இழுபடுகிறது. கைப்பிடியில் சில மில்லிமீட்டர் தளர்வு இல்லாமல் கேபிளை முடுக்கி வைத்தால் ஸ்லைடு முழுதாக இறங்கி உட்காராது. இதையும் "ஐடிலிங் ப்ராப்ளம்" என்று கார்புரேட்டர் கணக்கில் எழுதுகிறார்கள்.

ஆர்எக்ஸ் 100 போன்ற டூ-ஸ்ட்ரோக் வண்டியில் விஷயம் இன்னும் ஆழம். அங்கே கலவை முதலில் கிராங்க் கேஸுக்குள்தான் போகிறது. கிராங்க்கின் மேக்னெட்டோ பக்க ஆயில் சீல் காய்ந்துபோனால் அந்த வழியாகக் காற்று உள்ளே வரும்; ரேஸ் தானாக ஏறும், பிளக் வெளுக்கும், பிஸ்டன் பிடித்துக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. கிளட்ச் பக்கச் சீல் போனால் கியர் ஆயிலை உறிஞ்சிப் புகைத்துத் தள்ளும், பிளக் கறுக்கும். முதல் வண்டிக்கு "பெட்ரோல் பத்தல" என்று பெரிய ஜெட் போடுகிறார்கள், இரண்டாவது வண்டிக்கு "பெட்ரோல் ஜாஸ்தி" என்று சின்ன ஜெட் போடுகிறார்கள். இரண்டிலும் கார்புரேட்டர் யோக்கியமாக வேலைசெய்துகொண்டிருந்தது. முழு ஆக்ஸிலேட்டரிலும் மேலே ஏறாத ஆர்எக்ஸுக்கு மெயின் ஜெட்டைத் தேடுமுன் சைலன்சரைப் பாருங்கள். கரி அடைத்த சைலன்சரை நெருப்பில் வாட்டித் தட்டிய பழைய மெக்கானிக்குகள் காரணமில்லாமல் அதைச் செய்யவில்லை.

டேப்பட்டைப் பற்றி இரண்டு வார்த்தை போதும். வால்வு தன் இருக்கையில் தேய்ந்து உட்கார உட்கார டேப்பட் இடைவெளி குறையும். இடைவெளியே இல்லாமல் போனால், எஞ்சின் சூடானபின் வால்வு முழுதாக மூடாது. குளிரில் நல்ல ஐடிலிங், சூட்டில் நிற்காது. பழைய புல்லட்டில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது புஷ்ராடை விரலால் சுழற்றினால் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. அதற்கு மேல் கருவி வேண்டாம்.

இந்தச் சோதனைகள் எதையும் செய்யாமல் கார்புரேட்டரைத் திறப்பதில் நஷ்டம் இல்லையே, சுத்தமானால் நல்லதுதானே என்று கேட்கலாம். நஷ்டம் உண்டு. ஜெட்டின் துளை கண்ணுக்குத் தெரியாத அளவு பெரிதானாலே கலவை மாறும். அதில் செம்புக் கம்பியையும் ஊக்கையும் விட்டுக் குடைகிறார்கள். பித்தளைக்கு அது தாங்காது. ஏர் ஸ்க்ரூவை உள்ளே திருகி அடியில் போய் இடித்தபின்னும் ஒரு முடுக்கு முடுக்குகிறார்கள். அதன் கூர்முனையில் வரம்பு விழுந்துவிட்டால் அதற்குப்பின் எந்தச் சுற்றும் சரியான சுற்றல்ல. ஃப்ளேஞ்ச் வைத்து இரண்டு நட்டில் நிற்கும் கார்புரேட்டரை பலங்கொண்ட மட்டும் இறுக்கினால் ஃப்ளேஞ்ச் வளைந்து, இதுவரை இல்லாத காற்றுக் கசிவு புதிதாகப் பிறக்கும். ஃப்ளோட்டின் நாக்கு கொஞ்சம் நெளிந்தாலும் பெட்ரோல் மட்டம் மாறி எல்லாத் திறப்பிலும் கலவை கெடும். அழுக்கில்லாத கார்புரேட்டருக்குள் அழுக்கைத் தேடிப் போய், கோளாறில்லாத இடத்தில் ஒரு கோளாறை வைத்துவிட்டு வருகிறோம்.

இதைவிடக் கெடுதல், ஒரு கோளாறை இன்னொரு தவறான செட்டிங்கால் மறைப்பது. மேனிஃபோல்டில் காற்றுக் கசிவு. வண்டி ஐடிலிங்கில் நிற்கவில்லை. மெக்கானிக் ஐடிலிங் ஸ்க்ரூவை ஏற்றி ஸ்லைடைத் தூக்கி வைக்கிறார். வண்டி நிற்கிறது, ஆனால் இப்போது ஸ்லைடு ஸ்லோ ஜெட்டின் எல்லையைத் தாண்டித் திறந்திருக்கிறது. ஏர் ஸ்க்ரூவை எவ்வளவு திருகினாலும் பலன் தெரியாது. "ஏர் ஸ்க்ரூ வேலை செய்யல" என்று புது முடிவு. கூடவே ஒரு பெரிய ஜெட். அப்புறம் யாரோ ஒருவர் மேனிஃபோல்டை மாற்ற, வண்டி கரும்புகை கக்குகிறது. நாலு கை மாறிய பழைய வண்டிகளில் இப்படி அடுக்கடுக்காக ஒன்றின்மேல் ஒன்று ஏறிய செட்டிங்குகளைத்தான் பார்க்கிறோம். காய்ச்சலுக்கு வந்தவனின் பல்லைப் பிடுங்கிவிட்டு, பல் வலிக்கு மாத்திரை எழுதிக் கொடுப்பது போலத்தான் இது.

ஏர் ஸ்க்ரூ விஷயத்தில் சொல்லியே ஆக வேண்டிய ஒன்று. ஸ்க்ரூ ஸ்லைடுக்குப் பின்னால், ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்துகிறது. வெளியே திருகினால் பெட்ரோல் குறையும். எஞ்சின் பக்கம் இருந்தால் அது கலவையைக் கட்டுப்படுத்துகிறது. வெளியே திருகினால் பெட்ரோல் கூடும். இரண்டுக்கும் ஒரே விதியைச் சொல்லிக்கொண்டு திரியும் ட்யூனிங் மேதைகள் ஏராளம்.

இப்போது அதே பழைய வழக்கம் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது: "எல்லாம் எத்தனால் பண்ற வேலை." 2023இல் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பங்க்குகளில் வரத் தொடங்கியதிலிருந்து, கார்புரேட்டருக்கு அடுத்த குற்றவாளி கிடைத்துவிட்டார். இதில் உண்மை இருக்கிறது, ஆனால் அளவோடு. வெறும் பெட்ரோலில் ஒரு பங்கு எரிய ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும், எடைக் கணக்கில். எத்தனாலுக்கு 9 பங்கு போதும். இருபது சதவீதம் கலந்தால் அது சுமார் 13.5. கார்புரேட்டருக்கு இந்தக் கணக்கு தெரியாது. பழைய ஜெட் பழைய அளவிலேயே ஊற்றும். ஆக, வெறும் பெட்ரோலுக்கு அமைத்த வண்டி இப்போது சுமார் எட்டு சதவீதம் பெட்ரோல் குறைவாக ஓடுகிறது. எத்தனாலில் லிட்டருக்கு இருக்கும் ஆற்றலும் மூன்றில் ஒரு பங்கு குறைவு, அதனால் மைலேஜ் கொஞ்சம் விழத்தான் செய்யும். பழைய ரப்பர் குழாயும் ஓ-ரிங்கும் ஊறிக் கெடும். தண்ணீரை உறிஞ்சும் குணம் எத்தனாலுக்கு உண்டு. நிறுத்தி வைத்த வண்டியில் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் பிரிந்து தங்கும்.

ஏற்கெனவே பெட்ரோல் குறைவாக வைத்திருந்த வண்டிக்கு இது கடைசி உதை. அதற்கு ஸ்லோ ஜெட்டை ஒரு அளவு கூட்டுவதும், நீடில் கிளிப்பை ஒரு வரி இறக்கி நீடிலை உயர்த்துவதும் நியாயமான வேலை. ஆனால் சூடானால் மட்டும் வரும் மிஸ்ஸிங்கும், மழையில் நனைந்தால் வரும் மிஸ்ஸிங்கும் எத்தனாலின் வேலை அல்ல. எத்தனாலுக்கு வெயிலும் மழையும் ஒன்றுதான். மழையில் மட்டும் நிற்கும் வண்டியின் பிளக் கேப்பைப் பாருங்கள்.

மலைப்பாதையைப் பற்றியும் இந்த இடத்தில் ஒரு வார்த்தை. மேட்டுப்பாளையத்திலிருந்து கிளம்பி 2,240 மீட்டர் உயரத்து ஊட்டியைச் சேரும்போது காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கும். கார்புரேட்டர் வண்டி அங்கே மந்தமாவது இயற்கை. அதைக் கோளாறு என்று நினைத்து மேலே ஜெட்டை மாற்றிக்கொண்டு கீழே இறங்குபவர் சமவெளியில் எஞ்சினை வறுத்தெடுப்பார்.

கார்புரேட்டர் குற்றமே செய்யாது என்பதல்ல என் கட்சி. செய்யும், வயதானால் கட்டாயம் செய்யும். ஆனால் வயதான கார்புரேட்டரின் குற்றங்களைப் பாருங்கள். ஃப்ளோட் ஊசியின் முனையில் பள்ளம் விழுந்து ஓவர்ஃப்ளோ ஆவது. ஓராண்டு ஈராண்டல்ல, இருபது முப்பது ஆண்டு மேலும் கீழும் போய்வந்த ஸ்லைடும் அது ஓடும் சுவரும் தேய்ந்து, இடுக்கில் காற்று புகுந்து ஐடிலிங் ஊசலாடுவது. நீடில் உரசி உரசி நீடில் ஜெட்டின் துளை நீள்வட்டமாகி, நடுத்தரத் திறப்பில் பெட்ரோல் கொட்டுவது. மைலேஜ் மெல்ல மெல்ல விழுந்த வண்டிகளில் இதைப் பார்க்கலாம். பல்சர் வகை வண்டிகளின் சி.வி. கார்புரேட்டரில் ரப்பர் டயாஃப்ரம் கிழிந்து, கைப்பிடி திரும்பினாலும் ஸ்லைடு ஏறாமல் வண்டி படுத்துக்கொள்வது. சோக் பிளஞ்சர் முழுதாக மூடாமல் எப்போதும் கொஞ்சம் சோக்கோடு ஓடுவது. இவற்றில் ஒன்றையாவது பெட்ரோலில் முக்கிப் பிரஷ் போட்டுத் தேய்த்துச் சரிசெய்ய முடியுமா? எல்லாமே தேய்மானமும் கிழிசலும். ஆக, கார்புரேட்டர் நிரபராதியாக இருக்கும்போது க்ளீன் தேவையில்லை. உண்மையிலேயே குற்றவாளியாக இருக்கும்போது பெரும்பாலும் க்ளீன் உதவாது. இடையில் இருப்பது அந்தத் தார்ப்பாய் போர்த்திய வண்டி மட்டும்தான்.

"புதுசே போட்டுடலாம்" என்பதற்கும் இதே பதில்தான். தேய்ந்த ஸ்லைடுக்குப் புது கார்புரேட்டர் நியாயம். ஆனால் புதுப்பேட்டையிலோ வேறெங்கோ வாங்கிய, அட்டைப்பெட்டியில் மட்டும் நல்ல பெயர் அச்சடித்த டூப்ளிகேட்டில் எந்த ஜெட், எந்த நீடில், ஸ்லைடில் எவ்வளவு சரிவு என்று வாங்குபவருக்கும் தெரியாது, விற்பவருக்கும் தெரியாது. கழற்றிப்போட்ட பழைய மிக்குனியோ, தேய்ந்திருந்தாலும் அந்த எஞ்சினுக்கென்று அளந்து செய்தது. அதை எடைக்குப் போட்டுவிட்டு வந்தவர்கள் பிறகு ட்யூனிங், ட்யூனிங் என்று ஊர் ஊராக அலைவதைப் பார்க்கிறோம்.

கடைசியாக ஒரு சமாதானம் சொல்வார்கள்: "இவ்வளவும் பார்த்துக்கிட்டிருந்தா பட்டறை நடத்த முடியாது சார்." நேரக் கணக்கு இதற்கு நேர் எதிராகத்தான் இருக்கிறது. டேங்க் மூடியைத் திறப்பது, குழாயை உருவி வரத்துப் பார்ப்பது, சோக்கை இழுப்பது, பாயிண்ட் மூடியைத் திறப்பது, ஹேண்டில்பாரைத் திருப்புவது, எல்லாம் சேர்த்தாலும் கார்புரேட்டரைக் கழற்றி மாட்டும் நேரத்தைவிடக் குறைவு. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 வந்ததிலிருந்து புது பைக்குகள் பெரும்பாலும் ஃப்யூயல் இன்ஜெக்ஷனுக்குப் போய்விட்டன. இப்போது தொழிலுக்கு வரும் பையன்கள் ஸ்கேனரில் தெரியும் குறியீட்டைப் படித்துக் கோளாறு சொல்லப் பழகுகிறார்கள். பழைய வண்டிக்கு ஸ்கேனர் இல்லை, ஆனால் கைப்பிடித் திறப்பு, சூடு, அம்மீட்டர் முள் எல்லாம் அதே வேலையைத்தான் செய்கின்றன. அவற்றைப் படிக்கச் சொல்லித்தர ஆள் இல்லாததால்தான் அந்தப் பையனும் வேறு வழியின்றிக் கிண்ணத்தைக் கழற்றுகிறான்.

நேரமல்ல, கூலிதான் உண்மையான காரணம். நம் ஊரில் மெக்கானிக்குக் கோளாறைக் கண்டுபிடித்ததற்குக் கூலி கிடையாது. கழற்றியதற்கும் மாற்றியதற்கும்தான் கூலி. அரை மணி நேரம் யோசித்து, ஓட்டிப் பார்த்து, பாயிண்ட் இடைவெளியை மட்டும் வைத்துக் கொடுப்பவரிடம், "ஒரு பார்ட்டும் மாத்தலையே, இதுக்கா இவ்வளவு கேக்கறீங்க?" என்று வண்டிக்காரர் பேரம் பேசுகிறார். அதே ஆள், கார்புரேட்டரைப் பிரித்துத் தட்டில் பரப்பி, பித்தளை பளபளக்கத் துடைத்து மாட்டித் தந்தால் மறுபேச்சில்லாமல் எண்ணி வைக்கிறார்.